ஹெட்போனுக்குள் வைத்த டிசைன் அட்டை

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதிவைக்கிறேன்.

நான் ஏழு வருஷம் உட்கார்ந்த நாற்காலியும், ஆணியில் தொங்கும் கறுப்பு ஹெட்போனும் திங்கட்கிழமையிலிருந்து உங்களுடையவை. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. ஹெட்போனுக்குள் நான் வைத்த அட்டையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டேப்ரெக்கார்டரைக் கழற்றுவது, மாட்டுவது, ஹெட்டைத் துடைப்பது எல்லாம் நீங்களும் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் படித்த வருஷம் அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அப்பா ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்கிறவர், அம்மா நூல் சுற்றுகிறவர். இப்போது தெள்ளாருக்குப் போய் இதே தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமாக இருப்பதுபோல நடிக்கத் தெரியாது. அந்தப் பெருமைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்தபோது ஊரில் டேப்ரெக்கார்டர் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்தது. பழுது பார்ப்பதைவிட, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் வேலைதான் அதிகம். முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து இந்த ஹெட்போனைக் கொண்டுவந்தார். நீங்கள் பார்த்திருப்பீர்கள்: காதில் உட்காரும் இரண்டு கிண்ணங்களுக்கும் பின்பக்கம் மூடி கிடையாது. சல்லடை போல ஓட்டைகள்தான். உள்ளே பாடுவது வெளியே கசியும், வெளியே நடப்பது உள்ளே வரும். சிங்கப்பூரில் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காகச் செய்தது அது. நமக்கோ சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி. ஒரு பாட்டில் வீணை வந்தால் அதோடு எட்டுத் தறியும் சேர்ந்து அடிக்கும். போதாததற்கு 'பாஸ்' என்கிற கீழ்க்குரல் மெலிந்து கேட்கும், டேப்பின் 'உஸ்' மட்டும் நன்றாகக் கேட்கும்.

ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழற்றினேன்.

"இன்னாடி அது, ஊரான் வூட்டு சாமான இப்டிப் பிரிச்சிப் போட்டுகினு கீற?" என்றார் அம்மா.

"ஒண்ணும் ஆவாதும்மா. சரி பண்றேன்."

"ஓடிகினு இருந்ததத்தானே எடுத்தாந்த? ஓடறத இன்னாத்துக்கு சரி பண்ணுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பஞ்சை வைத்துப் பார்த்தேன், பாட்டு போர்வைக்குள் போய்விட்டது. அம்மா நூல் சுற்றும்போது அறுந்து சேர்ந்திருந்த பட்டுக் கழிவை வைத்தேன், நன்றாக இருந்தது. அதன் பின்னால் அடைப்பதற்கு ஏதாவது வேண்டும் என்று தேடியபோது, பார்டர் டிசைனுக்காகத் தறியின் தலையில் ஏற்றுகிற துளை போட்ட அட்டைகள் கட்டுக் கட்டாகக் கண்ணில் பட்டன. தறியில் இருந்தபடியே அப்பா, "அந்தக் கட்டத் தொடாத, அது மாங்கா பார்டர்து, இன்னம் ஓடிகினு கீது" என்று கத்தினார். ஓட்டம் முடிந்த பழைய அட்டைக் கட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்தேன். இரண்டு வட்டமாக வெட்டிக் கிண்ணங்களுக்குள் வைத்தேன். அட்டையில் எத்தனை துளையை மெழுகால் அடைக்கிறேனோ அதற்குத் தகுந்தபடி கீழ்க்குரல் ஏறியது, இறங்கியது. ஒரு துளை, இரண்டு துளை என்று பார்த்துப் பார்த்து அடைத்தேன். சைக்கிள் டியூபை வெட்டிக் காதைச் சுற்றி ஒரு வளையம். கடைசியில் ஒலி வருகிற முகத்தில், நெய்து மிஞ்சிய ஒரு விரற்கடைப் பட்டுத்துணி. 'உஸ்' போயே போய்விட்டது. தறிச் சத்தமும் எட்டிப் போய்விட்டது. என் தலைக்குள் நான் கட்டிக்கொண்ட கோயில் போல இருந்தது.

மறுநாள் முதலாளி மாட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"யம்மா, பாட்டு கெணத்துக்குள்ளேருந்து வர்றாப்ல கீதே!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

ஏனென்றால், அந்த ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கேசட் பதிந்தபோது கீழ்க்குரல் எனக்கு அதிகமாகத் தெரியும், அதனால் பதிகிற இடத்தில் அதைக் குறைத்துவிடுவேன். 'ட்ரெபிள்' என்கிற மேல்குரல் மங்கலாகத் தெரியும், அதனால் அதைக் கூட்டிவிடுவேன். என் காதுக்கு இனிமையாக வரும்வரை குமிழ்களை நகர்த்திக்கொண்டே இருப்பேன். வெளியே போன கேசட்டெல்லாம் அப்போது எப்படி இருந்திருக்கும்? எலும்பும் தோலுமாக. ஆனால் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர், "உங்க கேசட்டு மட்டும் கணீர்னு கீதும்மா, தெருமுனை வரைக்கும் கேக்குது" என்று நாலு பேரைக் கூட்டிவந்தார். பஸ் சத்தத்தையும் பாய்லர் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு போகிற பாட்டுதான் அவருக்கு வேண்டும். அதை என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நான் மாட்டிக்கொண்டேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு முள்ளிப்பட்டிலிருந்து கோவிந்தம்மா வந்தார்.

என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை, பெயர் செல்வி. முந்தானையில் முடிந்திருந்த கேசட்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு இன்னொண்ணு போட்டுத் தர முடியுமாங்க? இது தேஞ்சிகினே போவுது."

"பாட்டா, அக்கா?"

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு பேசனது."

அவர் கணவர் முள்ளிப்பட்டில் தறி நெய்தவர். துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனார். அவருக்கும் எழுத வராது, கோவிந்தம்மாவுக்கும் படிக்க வராது. அதனால் ஊருக்கு வந்த ஒருவரிடம் கடிதத்துக்குப் பதில் இந்தக் கேசட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதற்கடுத்த மாதம் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவருடைய குரல் என்று இருந்தது இந்த ஒன்று மட்டும்தான்.

"எத்தினி தபா போடுவீங்க?"

"காலீல ஒருக்கா, வெளக்கு வச்சதும் ஒருக்கா. இத்தப் போடாங்காட்டி பாப்பா சோறு துண்ணாதுங்க."

டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் சுருண்டிருந்தது, இரண்டு இடத்தில் மிஷின் மென்று துப்பியிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றே பதிந்தேன். ஹெட்போனில் அந்த மனிதரின் குரல் மிகக் கனமாக, மூடின பானைக்குள் பேசுவதுபோல வந்தது. டேப் தேய்ந்துபோனதால்தான் இப்படி என்று முடிவு செய்து, கீழ்க்குரலை நன்றாகக் குறைத்தேன். வார்த்தைகள் பளிச்சென்று வந்தன. எனக்கே நிறைவாக இருந்தது. புதுக் கேசட்டையும் பழையதையும் கொடுத்து, "இனிமே புதுச மட்டும் போடுங்க, பழச எடுத்து வச்சிடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்துப் புதுக் கேசட்டோடும் குழந்தையோடும் திரும்பி வந்தார். கடையில் ஆட்கள் போகிற வரைக்கும் ஓரமாக நின்றார்.

"ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இது அவரு மாதிரி இல்லீங்க."

"ஏன்க்கா, பேச்சு தெளிவா இல்லியா?"

"பேச்செல்லாம் தெளிவாத்தான் கீது. முன்னவிட நல்லா புரியுது. ஆனா அவரு வயித்துலேருந்து பேசுவாருங்க. இதுல மூக்குல பேசறாரு. பாப்பா மெசினுகிட்டயே போவ மாட்டேங்குது. 'இது யாரு'ன்னு கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக யாரும் சொல்லாததை, 'பாஸ்' என்றால் என்ன, 'ட்ரெபிள்' என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் சொல்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய டேப்புல அழுக்கு இருந்ததுக்கா. அந்த அழுக்கத்தான் நீங்க இத்தினி நாளா அவரு குரல்னு கேட்டுகினு இருந்தீங்க. இப்பத்தான் சுத்தமா கேக்குது. கொஞ்ச நாள்ல பழகிடும்."

கணவனின் குரலைப் பழகிக்கொள்ளச் சொன்னேன்.

கோவிந்தம்மா சண்டை போடவில்லை. ஒரு நிமிஷம் என் முகத்தையும் மேஜைமேல் இருந்த மிஷின்களையும் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் ஆறாவது படித்தபோது எங்கள் ரேஷன் கார்டில் ஒரு ஆள் குறைந்திருந்தது. அந்த ஆள் நான்தான். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அங்கிருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் கார்டு சரியாகத்தான் இருக்கிறது என்றார். கணக்கில் இல்லாத நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நீங்க படிச்சவங்க சார், நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். இனி எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் சொல்லக்கூடாது என்றுதான் நான் படித்தேன். சொல்ல வைக்கிற இடத்தில் நானே போய் உட்கார்வேன் என்று நினைக்கவில்லை.

புதுக் கேசட்டை மேஜைமேலேயே விட்டுப் போயிருந்தார். அதை எடுத்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கடையில் இருந்த சாதாரண டேப்ரெக்கார்டரில் போட்டேன். பிறகு இன்னொன்றில். பிறகு பழுதுக்கு வந்திருந்த மூன்றாவது ஒன்றில். மூன்றிலும் அந்த மனிதர் மூக்கால்தான் பேசினார். குறைத்த கீழ்க்குரலைத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். குரல் வரவில்லை, இரைச்சல்தான் வந்தது. பதியும்போதே வெட்டி எறிந்ததை இனி எங்கே போய் எடுப்பது? பழைய டேப் மறுபடியும் வேண்டும். அது இன்னொரு முறை ஓடுமா என்பது யாருக்கும் தெரியாது.

முதலாளியிடம் சொன்னேன்.

"அந்தம்மாவே செரின்னு சொல்லிட்டுப் போச்சி. நீ இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிகினு கீற? மறுபடி போட்டு அது அறுந்துச்சின்னா, அப்பத்தான் நம்ம மேல வரும்."

அவர் சொன்னது தப்பில்லை. சும்மா இருந்திருந்தால் பழைய டேப் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம். நான் கையை வைத்தால் அன்றே போகலாம். இங்கேதான் நீங்கள் இருவரும் நின்று யோசிக்க வேண்டும். எது சரி என்று நான் ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது: அதை முடிவு செய்ய வேண்டியவள் நான் இல்லை. என் வேலை, கோவிந்தம்மாவிடம் போய் முழுசாகச் சொல்வது.

மறுநாள் காலை பஸ்ஸில் முள்ளிப்பட்டுக்குப் போனேன். அவர் தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து வந்தார்.

"அக்கா, டேப்புல அழுக்கு இல்ல. தப்பு என்னோடதுதான். என் காதுக்கு நல்லா இருக்கணும்னு அந்த ஹெட்போன நான் மாத்தி வச்சிருந்தேன். அதனால அவரு குரல நானே வெட்டிட்டேன். பழசக் கொடுத்தீங்கன்னா திருத்தலாம். ஆனா அது ரொம்ப நைஞ்சிருக்குது. ஓட்டறப்போ அறுந்தாலும் அறுந்துடும். கொடுக்கறதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் பழைய கேசட்டை எடுத்துவந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "நான் போட்டாலும் ஒரு நாளைக்கு அறுந்துதானே பூடும்?" என்றார்.

"பூடும்க்கா."

"அப்ப நீங்களே போடுங்க. நானும் கூட இருக்கறேன்."

அவர் உடுத்திக்கொண்டு கிளம்புவதற்குள் நான் முந்திய பஸ்ஸைப் பிடித்துக் கடைக்கு வந்து ஹெட்போனைப் பிரித்தேன். பட்டுக் கழிவு, மெழுகு, அட்டை, துணி, டியூப் வளையம் எல்லாவற்றையும் எடுத்து, சிங்கப்பூரிலிருந்து வந்தபடியே ஆக்கினேன். மாட்டினேன். எட்டுத் தறியும் உள்ளே வந்துவிட்டன.

டேப் சிக்கப் போகும்போது முதலில் குரல் நூலளவு தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் காதில் விழுந்த நொடியே நிறுத்தினால் பெரும்பாலும் பிழைக்கும். தறிச் சத்தத்தில் அது கேட்காது. அதனால் பக்கத்துத் தறிக் கொட்டகைக்குப் போனேன்.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் தறிய நிறுத்த முடியுமா?"

"ஏம்மா, ரேடியோக்காரம்மா தூங்கப் போறியா?" என்றார் ஒருவர். கொட்டகை சிரித்தது.

"தாலாட்டு நான் பாடட்டுமா?" என்றார் இன்னொருவர்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கூலிக்கு நெய்கிறவர்களிடம் அரை மணி நேரம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவின் மகளுக்குத் தெரியாதா? முதலில் பேசியவரே கேட்டார்: "முள்ளிப்பட்டு ஆளா? துபாய்ல செத்தாரே, அவரா?" நான் தலையாட்டினேன். அவர் தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, "எல்லாரும் ஜல்தி போய் டீ குடிச்சிட்டு வாங்கப்பா" என்றார்.

அந்தத் தெருவில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பழைய கேசட்டோடு வந்து சேர்ந்த கோவிந்தம்மா, பெஞ்சில் செல்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குமிழ்களையெல்லாம் நடுவில் வைத்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஓட விட்டேன்.

'உஸ்' வந்தது. அதற்கு நடுவில் அந்த மனிதர் வந்தார். வயிற்றிலிருந்துதான் பேசினார். ஊருக்கு வரும்போது என்ன வாங்கிவர, மாமியாருக்குக் கால்வலி எப்படி, தறியை யாருக்கும் விட்டுவிடாதே. நடுநடுவே நிறுத்தி, தொண்டையைச் செருமுகிறார். முதல் தடவை அந்தச் செருமலை நான் இரைச்சல் என்று நினைத்துக் குறைத்திருந்தேன்.

இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி. குரல் தள்ளாடியது. கேட்டது, எனக்கு நன்றாகக் கேட்டது, அந்த நொடியே நிறுத்தினேன். அப்படியும் டேப் உருளையைச் சுற்றிக்கொண்டுவிட்டது. மெதுவாக எடுத்தேன். கையோடு மூன்று துண்டாக, கசங்கிய காகிதம் போல வந்தது. அந்தக் கடைசி ஒரு நிமிஷம் அசலில் இனி இல்லை.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். சொல்லவே தேவையிருக்கவில்லை.

"எம்மாந்தூரம் வந்துதும்மா?"

"கடைசி ஒரு நிமிசம் போயிடுச்சிக்கா. அது மட்டும் நான் மொதல்ல போட்ட கேசட்டுல இருக்குது. மூக்கால பேசறதா சொன்னீங்களே, அதுல. வேணும்னா அத எடுத்து இதோட சேத்துடறேன்."

"சேத்துடும்மா. அதுலதான் பாப்பா பேரச் சொல்லுவாரு."

சேர்த்தேன். அவர் கேட்டுப் பார்க்கட்டும் என்று, சேர்த்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து ஓட விட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். பக்கத்துத் தறிகள் இன்னும் தொடங்கவில்லை. கேட்கத் தொடங்கியதும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்ப்பது மரியாதையாகப் படவில்லை. பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினால், செல்வி பெஞ்சின்மேல் ஏறி நின்று, அம்மாவின் காதில் இருந்த கிண்ணத்தின் பின்பக்கத்தில் தன் காதை ஒட்டிவைத்திருந்தாள். நான் மெழுகும் அட்டையும் வைத்து அடைத்திருந்த அதே ஓட்டைகள் வழியாக அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள்.

அசையாமல் நின்றாள். கடைசி நிமிஷம் வந்தது. குரல் சட்டென்று மெலிந்ததை அவள் முகத்திலேயே பார்த்தேன்.

"அப்பா எங்கம்மா போறாரு?"

கோவிந்தம்மா ஹெட்போனைக் கழற்றாமல், குழந்தையின் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். "தூரமாப் போறாரு. போய்க்கினே உன் பேரச் சொல்றாரு, கேளு."

போகும்போது என்னிடம், "மனச வுட்டுடாதம்மா, அந்தக் கடைசியும் நல்லாத்தான் கீது" என்றார். காலைவரை என்னை 'நீங்க' என்றவர், பாதியில் எப்போதோ 'ம்மா' என்று மாறியிருந்தார். அவர் அதை என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நல்லா இல்லை. அந்த ஒரு நிமிஷம் என்னால் கெட்டது, கெட்டபடியே இருக்கிறது.

அந்த வாரம் முழுவதும், கெடுத்துக் கொடுத்த கேசட்டுகளை யார் கொண்டுவந்தாலும் மறுபடியும் பதிந்து கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினேன். டீக்கடைக்காரர் மட்டும் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார், அவருக்கு அதுதான் பிடித்திருந்ததாம்.

ஹெட்போனைப் பிரிக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். பிரியுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள், கை அப்படித்தான் பழகும். உங்கள் அம்மா என்ன கேட்கிறார் என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். காதுக்கு இனிமையாக இருப்பதைப் பாட்டுக் கேட்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பொருளைப் பதியும்போது எடுத்துவிடுங்கள். யாராவது உங்களிடம் "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொன்னால், அவரைப் படி இறங்க விடாதீர்கள். உட்கார வைத்து, மறுபடியும் ஒரு தரம் போட்டுக் கேளுங்கள்.

இரண்டு வட்டமாக வெட்டிய அந்த அட்டை, மேஜையின் இடது டிராயரில் இருக்கிறது. நாற்காலிக் காலுக்கு அதை மடித்து வைத்துவிடாதீர்கள். அதற்கு வேறு அட்டை தேடிக்கொள்ளுங்கள்.